கப்பல் நிற்கும் நாலு மணி நேரம்

வெளியூர்ப் பயணம் என்றாலே நம்மில் பலருக்கு அது இன்னொரு அடுக்களை வேலைதான். புளியோதரை கிளற வேண்டும், மாற்றுத் துணி எடுத்து வைக்க வேண்டும், யாருக்கு என்ன மாத்திரை என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்திலும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவார்கள். பஸ்ஸில் ஏறி இறங்கி, எதைப் பார்த்தோம் என்பதே மனதில் நிற்காமல் வீடு திரும்புவோம். இப்படி இல்லாமலும் ஊர் பார்க்கலாம் என்பதை நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். அதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு ஒரகடத்துக்குப் பக்கத்தில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கிற இடம். ராத்திரி பகல் என்று பார்க்காமல் கன்டெய்னர் லாரிகளும், கார்களை அடுக்கி ஏற்றிய டிரெய்லர்களும், கம்பெனி பஸ்களும் ஓடிக்கொண்டே இருக்கும். "தினமும் அரைமணி நேரம் நடங்க, சர்க்கரை தானா இறங்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது, சொல்லுங்கள்! மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு நடுவேதான் நடந்துகொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் இருபத்து நாலு வருஷமாக ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். மகளுக்கு இருபத்திரண்டு வயது. அவளும் செல்போன் செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறாள். அப்பா வரும்போது மகள் கிளம்புவாள், மகள் வரும்போது அப்பா தூங்குவார். எனக்கு மூன்று வேளைச் சமையல் ஐந்து வேளையாகிவிட்டது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.

2023-ஆம் வருஷம் ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசப் பயணக் கப்பல் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று இடங்களில் நின்று சென்னைக்குத் திரும்பும். எங்கள் பக்கத்துக் கார்கள் எல்லாம் எத்தனையோ வருஷமாகக் கப்பலேறிப் போகின்றன, நாங்கள்தான் ஏறினதில்லை! ஏலச்சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. பாஸ்போர்ட்டும் எடுத்து, ஆகஸ்டில் கிளம்பிவிட்டோம்.

கிளம்புவதற்கு முன் என் தம்பி மகன் போன் செய்தான். அவன் நார்வே நாட்டில் வேலையில் இருக்கிறான். "அத்தை, கப்பல் ஒரு ஊர்ல நின்னா உடனே டூர் பஸ்ஸுல ஏறிடாதீங்க. பக்கத்துல எது இருக்கோ அங்க உங்க கால்லயே நடந்து போங்க" என்றான். அந்த நாட்டில் பனிப்பாறை குடைந்த ஆழமான பள்ளங்களில் கடல் உள்ளே புகுந்து, இருபுறமும் மலை நிற்குமாம். அதற்கு ஃபியோர்டு என்று பெயர். கெய்ராங்கர் என்ற சின்ன ஊரில் கப்பல் நின்றதும், பலர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அருவி ஓரமாகவே 327 படிகள் ஏறிப் போவார்களாம். கட்டணம் கிடையாது, வழிகாட்டியும் வேண்டாம். ஏழு சகோதரிகள் என்றே பெயர் வைத்த ஓர் அருவியும் அங்கே உண்டாம். மனிதர் யாராயிருந்தாலும் மலை, காடு, கடற்கரையில் தாராளமாக நடக்கலாம் என்று 1957-லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். கேட்கும்போதே பொறாமையாக இருந்தது.

அவன் இன்னொன்றும் சொன்னான். பார்க்கிற இடம் தூரமாக இருந்தால் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போவதுதான் நல்லது. அந்த பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. கிட்டே இருந்தால் மட்டும் தனியாகப் போக வேண்டும். இதையே நாங்கள் பிடித்துக்கொண்டோம். அம்பாந்தோட்டையில் எல்லாமே தூரம். அதனால் பஸ்ஸில் போய் வந்தோம்.

திருகோணமலையில்தான் எங்கள் நடை. உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் அது ஒன்று. அவர், "எனக்குக் கப்பல் ஆடாம நிக்கிறதே சுகம். நான் தூங்கறேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று படுத்துவிட்டார். இருபத்து நாலு வருஷத் தூக்கக் கடன்! நானும் மகளும் மட்டும் இறங்கினோம். கையில் நாலு மணி நேரம். துறைமுக வாசலில் பேரம் பேசி ஓர் ஆட்டோ பிடித்து, கோட்டை வாசலில் இறங்கிக்கொண்டோம்.

அந்தக் கோட்டைக்கு ஃபிரெடரிக் கோட்டை என்று பெயர். ஆங்கிலேயர் 1803-இல் வைத்த பெயர். சுவாமி மலைமேல் இருந்த பழைய கோணேசர் கோயிலை 1620-களில் போர்த்துக்கீசியர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1956-இல் ஆர்தர் சி. கிளார்க் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பரும் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். இப்போதுள்ள கோயில் 1963-இல் எழும்பியது. திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய தலம். இலங்கையில் தேவாரப் பாடல் பெற்றவை இதுவும் திருக்கேதீச்சரமும்தான்.

கோட்டைக்குள் மரநிழலில் ஏற்றமான பாதை. புள்ளிமான்கள் நம் ஊர் ஆடுமாடு மாதிரி சர்வ சாதாரணமாகத் திரிகின்றன. கையில் பாலித்தீன் பை இருந்தால் மோப்பம் பிடித்து வந்துவிடும், அதனால் துணிப்பையே நல்லது. லாரிச் சத்தம் இல்லை, புழுதி இல்லை. நானும் மகளும் பக்கம் பக்கமாக நடந்தோம். அப்படி நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

தரிசனம் முடித்து, பாறையின் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். கீழே கிடுகிடு பள்ளத்தில் கடல். கடைக்காரப் பெண், "இந்தியாவிலிருந்தோ வந்தனீங்கள், அக்கா?" என்று கேட்டு, செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தாள். அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அந்த மாப்பிள்ளை வீட்டுல கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போக வேணாம்னு சொல்லியிருக்காங்க. அப்பா சரின்னு தலையாட்டிட்டார். எனக்கு வேலையை விட இஷ்டமில்லை."

"ஏன்டி வீட்டிலேயே சொல்லலை?"

"வீட்டுல எப்பம்மா சொல்றது? நீ அடுப்புக்கிட்ட நிக்கறே, நான் பஸ்ஸுக்கு ஓடறேன்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் கையில் சம்பளம் என்று ஒரு ரூபாய் வந்ததில்லை. அதை நினைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தேன். "சரி, நான் பேசறேன்" என்றேன். அவ்வளவுதான். இறங்கி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காங்கேசன்துறை. அங்கேயும் ஆட்டோதான், கீரிமலை பக்கத்திலேயே இருக்கிறது. கடலுக்கு ஒட்டினாற்போல ஒரு நன்னீர்க் கேணி! ஓரடி தள்ளி உப்புக் கடல், இங்கே குளிர்ந்த நல்ல தண்ணீர். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஓடிவரும் மழைநீர் ஊற்றாகச் சுரக்கிறது. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி ஒருத்தி இங்கே நீராடி முகம் மாறினாள் என்பது கதை. பக்கத்து ஊர் மாவிட்டபுரத்தின் பெயர்க் காரணமும் அதுதான்: 'மா' என்றால் குதிரை. பெண்களுக்குத் தனியாக மதில் வைத்த கேணி இருக்கிறது. இருவரும் ஆசை தீரக் குளித்தோம்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள்:

எந்தக் கப்பல் எங்கே நிற்கும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். விசா, நிறுத்தங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கப்பல் கிளம்பும் நேரத்தை நம்பாதீர்கள். பயணிகள் கடைசியாக ஏறவேண்டிய நேரம் என்று ஒன்று தனியாகச் சொல்வார்கள். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் இருங்கள். இலங்கையில் நம் கடிகார நேரமேதான். வேறு நாடுகளில் கப்பல் நேரமும் கரை நேரமும் வேறுபடலாம், கவனம்.

கப்பலின் பெயர், துறைமுகத்தின் பெயர், அவசரத் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறுமுன்பே கூலியைப் பேசி முடித்துவிடுங்கள்.

கோயில்களை நடுப்பகலில் பெரும்பாலும் சாத்திவிடுவார்கள். முதல் ஆளாக இறங்கினால் வெயிலுக்கும் தப்பலாம். பழகிய செருப்பு, தண்ணீர், தொப்பி அல்லது குடை, தரை சுடும்போது போட்டுக்கொள்ளப் பழைய காலுறை ஒரு ஜோடி போதும். சர்க்கரை உள்ளவர்கள் வேளை தவறாமல் சாப்பிடப் பிஸ்கட்டோ கடலை உருண்டையோ கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடல் மயக்கம் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடும் இருக்கக் கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக் கூடாது. இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, மேல்தளத்தில் காற்றாட நின்று தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். அறை எடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

ஊருக்கு வந்ததும், முதலில் அவரிடமும் பிறகு மாப்பிள்ளை வீட்டாரிடமும் பேசினேன். மகள் வேலைக்குப் போவாள் என்பதைப் பட்டென்று சொல்லிவிட்டேன். அந்தச் சம்பந்தம் தட்டிப் போயிற்று. வருத்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல குடும்பம், பையனும் தங்கமான பையன். ஆனால் மகள் மனசை மூடிக்கொண்டு போய், பிறகு ஆயுசு முழுக்க என்னைக் கேட்பதைவிட இது பரவாயில்லை.

வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு வார விடுமுறை வரும் நாளில் காலை டிபனுக்கு இட்லியை மட்டும் ஊற்றி வைத்துவிட்டு, இருவரும் வல்லக்கோட்டைக்கு பஸ் ஏறிவிடுகிறோம். ஏழடி உயர முருகனைச் சேவித்துவிட்டுத் தீர்த்தக் குளக்கரையில் மெதுவாக நடப்போம். அதற்குக் கப்பலும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும். பேச வேண்டியதை அவள் பேசுவாள், நான் கேட்பேன்.