குளிர்காலத்துக்கு முன்

1939 ஜூன். ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் நியூயார்க்கில் வந்து இறங்குகிறார். 33 வயது. ஜெர்மனியில் ராணுவ அழைப்பு எந்த நாளும் வரலாம். போனால் ஹிட்லர் பெயரில் சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் அவரோடு சேர்ந்து சபைக்கும் ஆபத்து. அமெரிக்க நண்பர்கள் வேலையும் தங்க இடமும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். நம்மில் பலர் இதைக் கர்த்தர் திறந்த வாசல் என்று சாட்சியே சொல்லியிருப்போம்.

யோனா ஓடியபோதும் யோப்பாவில் கப்பல் தயாராகத்தான் நின்றது.

*

ஜூன் 20. ஜெர்மானிய அகதிகளுக்கு ஊழியம் செய்யும் வேலை. நல்ல வேலைதான், ஆனால் ஏற்றுக்கொண்டால் ஊர் திரும்பும் வழி அடைபடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைய நாட்குறிப்பைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தன் முடிவுகளுக்கான காரணம் தனக்கே முழுசாகத் தெளிவதில்லை என்கிறார். அன்றைக்கு அவர் வாசித்த வேதப்பகுதி, பட்சபாதமில்லாமல் நியாயந்தீர்க்கிற தேவனைப் பற்றியது. வெளியே துணிச்சலாகத் தெரியும் இந்த முடிவில் எவ்வளவு சொந்த உணர்ச்சி, எவ்வளவு பயம் கலந்திருக்கிறது என்று தேவனுக்குத் தெரியும் என எழுதிவைக்கிறார். ‘ஆவியானவர் பேசினார்’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். எழுதவில்லை. தன் மனதின் கலப்படத்தோடேயே அந்த முடிவைத் தேவன் கையில் ஒப்புக்கொடுக்கிறார். விசுவாசம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

*

ஜூன் 26. தீமோத்தேயுவைக் குளிர்காலத்துக்கு முன் வந்து சேரும்படி பவுல் கேட்கும் இடம் கண்ணில் படுகிறது. அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்று குறித்துக்கொள்கிறார். தேதியைக் கவனிக்க வேண்டும். வேலையை மறுத்து ஆறு நாள் கழித்துத்தான் இந்த வசனம் வருகிறது.

நம் வீடுகளில் வரிசை மாறிவிடுகிறது. மாப்பிள்ளையா, வளைகுடா வேலையா, வீட்டுக் கடனா, வாக்குத்தத்தப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு வசனச் சீட்டு. பிடிக்காத வசனம் வந்தால் இன்னொன்று. நடுங்குகிற கையோடு அந்தச் சீட்டை எடுக்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும்; அவர்களுடைய பக்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் தேவன் நம்மிடம் கேட்பது முதல் அடி. 1937-இல் வந்த ‘நாக்ஃபோல்கே’ (பின்பற்றுதல்) நூலில் போன்ஹோஃபர் இதற்குப் பேதுருவைக் காட்டுகிறார்: படகை விட்டு இறங்கினால்தான் விசுவாசம் என்ன என்று அவனுக்குத் தெரியவரும்.

*

ஜூலையில் ஊர் திரும்பக் கப்பலேறிவிட்டார். தன் ஜனங்களோடு பாடுபடாவிட்டால், யுத்தத்துக்குப் பிறகு அங்கே சபையை எடுத்துக்கட்டுவதில் பங்கெடுக்கத் தனக்கு உரிமை இருக்காது என்று அமெரிக்க இறையியலாளர் ரெய்ன்ஹோல்ட் நீபூருக்கு எழுதியிருந்தார். செப்டம்பர் 1-ஆம் தேதி யுத்தம் தொடங்கியது.

*

1943 ஏப்ரலில் கைது. அந்த டிசம்பரில் டெகல் சிறையிலிருந்து நண்பர் பெத்கேவுக்கு எழுதுகிறார்: 1939-இல் திரும்பி வந்ததற்காக ஒரு நிமிடம்கூட வருந்தியதில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க்கில் தூக்கிலிடப்படுவோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. வெளியே அவருக்கு நிச்சயித்த பெண் காத்திருந்தாள். விடுதலையாகி அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற ஆசை இருக்கும்போதே எழுதிய கடிதம் அது.