கொண்டைக்கிளியின் முதுமை

நாயை வளர்ப்பவர், அதன் ஆயுள் தம் ஆயுளினும் குறுகியது என்பதை அறிந்தே வளர்க்கிறார். பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளில் பிரிவு நேரும், துயரம் உண்டாகும், பின்னர் அது மெல்ல ஆறும். பூனைக்கும் முயலுக்கும் இதுவே முறை. இம்முறையை மாற்றியமைத்த பறவை ஒன்று உண்டு. அதுவே கொண்டைக்கிளி. ஆங்கிலேயர் இதனைக் காக்கட்டூ என்பர். அச்சொல் மலாய் மொழியிலிருந்து அவர்களிடம் சென்றது. மலாய் மொழியில் ஆணி பிடுங்கும் குறட்டுக்கும் அதே பெயர்தான். இப்பறவையின் அலகினிடையே ஒருமுறை விரலைக் கொடுத்தவர், அப்பெயர்ப் பொருத்தத்தைப் பற்றி ஐயுறமாட்டார்.

ஆஸ்திரேலியாவும், நியூகினியும், அவற்றை அடுத்த தீவுகளும் இவற்றின் தாயகம். பெரிய இனத்துக் கிளி ஒன்று, நல்ல பராமரிப்பில் அறுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஆதலின், தந்தை வாங்கிய கிளி மகளின் கையில் மூப்பெய்துவது உண்டு.

சிட்னி நகரின் புறத்தே ஒரு வீட்டையும், அங்கு ஐந்து கொண்டைக்கிளிகளோடு நெடுங்காலமாக வாழும் ஒரு மூதாட்டியையும் மனக்கண்ணால் காண்போம். அவருக்குப் பெயர் வேண்டுவதில்லை. அத்தகைய வீடுகள் அந்நாட்டிற்குப் புதியன அல்ல.

பொழுது புலரும் வேளையில், காட்டுக் கொண்டைக்கிளிகள் கூட்டங்கூட்டமாக அவ்வீட்டின் மேல் பறந்து செல்கின்றன. அவற்றின் குரல் இனியது என்று கூறுதல் பொய்யாகும். கிழிந்த தகரத்தை இழுப்பது போன்ற ஓசை அது. மேலே ஓசை எழுந்தவுடன், உள்ளே இருக்கும் ஐந்தும் மறுகுரல் கொடுக்கின்றன. மஞ்சட் கொண்டைகள் விசிறிபோல் விரிகின்றன. இரண்டு கிளிகள் சிறகடிக்கின்றன. மூட்டுநோயுற்ற மூத்த கிளி மட்டும், அமர்ந்த இடத்திலிருந்தே கொண்டையை விரித்துக் கத்துகிறது, சிறகை எடுப்பதில்லை. மூதாட்டியும் அந்நேரத்தில்தான் எழுகிறார். அவருடைய முழங்காலும் காலையில் எளிதில் மடங்குவதில்லை.

முதற்பணி துடைத்தல். வெண்ணிறக் கொண்டைக்கிளிகளின் மென்தூவிகளிலிருந்து மாவு போன்ற தூள் ஓயாது உதிரும். அது பறவையின் இறகைக் காப்பது. ஆனால் மனிதரின் மூச்சுக்கு நல்லதன்று. மேசை, நாற்காலி, சன்னல் ஆகிய எல்லாவற்றின் மீதும் நாள்தோறும் வெண்பொடி படிகிறது. அடுத்த பணி அடுப்பங்கரையில். உணவு ஒட்டாதிருக்கும் பூச்சுடைய வாணலி அவ்வீட்டில் ஒன்றுகூட இல்லை. அப்பூச்சு மிகுதியாகச் சூடேறினால் வெளிப்படும் ஆவி, மனிதர் உணருமுன்னரே பறவைகளைக் கொன்றுவிடும். வேகவைத்த கிழங்கு, நறுக்கிய கீரை, சிறிது தானியம் ஆகியவை ஐந்து கிண்ணங்களில் இடப்படுகின்றன. மூத்த கிளியின் கிண்ணத்தில் மருந்தும் கலக்கப்படுகிறது.

முதிய பறவைக்கு வீடே மாற வேண்டும். உயரத்தில் இருந்த அமர்கோல் தாழ இறக்கப்பட்டிருக்கிறது. வழவழப்பான கோலில் நோயுற்ற கால் வழுக்கும். ஒரே பருமனுள்ள கோலில் நெடுநேரம் நின்றால் பாதம் புண்ணாகும். ஆகையால், பருமன் வேறுபட்ட மரக்கிளைகள் வைக்கப்பட்டு, சிலவற்றின் மீது துணி சுற்றப்பட்டிருக்கிறது. தவறி விழுந்தாலும் அடிபடாதிருக்கக் கீழே தடித்த விரிப்பு உண்டு. இளமையில் நாற்காலியின் காலையே கடித்து முறித்த பறவை அது. இன்றும் மென்மரத்துண்டு ஒன்றைக் கொடுத்தால் சிம்பு சிம்பாகக் கிழிக்கிறது. முன்னர் ஐந்து நிமிடத்தில் முடித்த பணிக்கு இப்பொழுது ஒரு முற்பகல் ஆகிறது, அவ்வளவே.

அறிவில் சிறந்த இப்பறவைக்கு வேலையில்லாமையே பெருந்துன்பம். அதே சிட்னி நகரில், காட்டுக் கொண்டைக்கிளிகள் குப்பைத்தொட்டிகளின் மூடியைத் திறக்கும் வித்தையை ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதை, 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு விளக்கியது. அத்தகைய அறிவைக் கூண்டிலிட்டுத் தனிமையில் விட்டால், பறவை தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளத் தொடங்கும். காட்டில் கூட்டமாக வாழும் இயல்புடையது. வீட்டில், தன்னோடு இருக்கும் மனிதரையே தன் கூட்டமாகக் கொள்கிறது. இதில் பெருமைப்படுவதற்குரியது எவ்வளவோ, அஞ்சுவதற்குரியதும் அவ்வளவு உண்டு.

சிட்னியிலேயே பிறந்த ஒரு கொண்டைக்கிளியின் வரலாறு இதனை நன்கு காட்டும். அதன் பெயர் குக்கி. இளஞ்சிவப்பு உடலும், சிவப்பும் மஞ்சளும் பட்டையிட்ட கொண்டையும் உடைய இனம் அது. 1933ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள், டாரங்கா விலங்குக் காட்சிச்சாலையில் முட்டையிலிருந்து வெளிவந்தது. மறு ஆண்டு, அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்துத் திறக்கப்பட்ட புரூக்ஃபீல்டு காட்சிச்சாலைக்குச் சென்றது. உலகப் போர் மூண்டு ஓய்ந்தது. மனிதர் நிலவில் இறங்கினர். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு குக்கியைக் கண்ட சிறுவர், தாமே தாத்தாவாகித் தம் பேரரை அழைத்து வந்தனர். குக்கியோ அங்கேயே இருந்தது.

அதன் வாழ்வின் முதல் நாற்பது ஆண்டுகளில் பெரும்பாலும் விதைகளே உணவாக இடப்பட்டன. கிளிக்கு விதை உகந்தது என்றே அக்காலத்தில் அனைவரும் எண்ணினர். விதையில் கொழுப்பு மிகுதி. எலும்புக்கு வேண்டிய சுண்ணச்சத்தோ குறைவு என்பது பின்னரே தெளிவாயிற்று. 2007இல், அதற்கு மூட்டுநோயும் எலும்பு நலிவும் இருப்பதை மருத்துவர் கண்டறிந்தனர். நீண்ட காலம் உண்ட விதையும் இதற்கு ஒரு காரணம் எனக் கருதப்பட்டது. வெறுப்பினால் இடப்பட்ட உணவன்று அது. அன்போடு, நாள்தவறாமல் இடப்பட்ட உணவு.

2009இல் குக்கிக்கு ஓய்வளிக்கப்பட்டது. காட்சிக் கூண்டில் இருந்தபொழுது அது உணவில் விருப்பமின்றிச் சோர்ந்திருந்தது. பராமரிப்பாளரின் அலுவலறையில் வைத்தபின், மனிதர் நடமாட்டத்தினிடையே ஊக்கம் பெற்றது. பிறந்தநாள் போன்ற நாள்களில் மட்டும் மக்கள் முன் தோன்றியது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், தன் 83ஆம் வயதில் இறந்தது.

குக்கிக்கு ஒரு நிறுவனம் இருந்தது. ஒரு பராமரிப்பாளர் ஓய்வு பெற்றால் மற்றொருவர் வந்தார். தனி வீட்டுக் கிளிக்கு யார் வருவார்? காக்கி பென்னட் என்னும் கிளியைப் பற்றிச் சிட்னியில் ஒரு பழைய செய்தி உண்டு. 1916இல் அது இறந்தபொழுது வயது 119 என்றனர். அதற்குப் பிறப்புச் சான்று ஏதுமில்லை, நம்புவோர் நம்பலாம். இறகெல்லாம் உதிர்ந்து, அலகு மிக நீண்டு வளர்ந்த அக்கிளி, கப்பல் தலைவர் ஒருவரோடு கடல்களில் சுற்றிய பின்னர் வேறு கைகளுக்கு மாறி, ஒரு விடுதியில் இறுதிக் காலத்தைக் கழித்தது என்பர். வயதைக் கண்டு வியந்தவர் பலர். எத்தனை முறை அது தன் கூட்டத்தை இழந்தது என்று எண்ணியவர் எத்தனை பேரோ!

காட்டுப் பறவைகளின் இறக்குமதியை அமெரிக்கா 1992இல் ஒரு சட்டத்தினால் கட்டுப்படுத்தியது. அதற்கு முன்னர் இந்தோனேசியத் தீவுகளில் வலைவீசிப் பிடிக்கப்பட்ட கொண்டைக்கிளிகள் அந்நாட்டு வீடுகளுக்குச் சென்றன. அவற்றுள் இன்றும் உயிரோடு இருப்பவை முப்பது வயதைக் கடந்துவிட்டன. குஞ்சின் அழகைக் கண்டு வாங்கியோர் முதியோராகிவிட்டனர். கூச்சலைப் பொறாது கைவிடப்பட்டவையும், உரிமையாளரை இழந்தவையும் பறவைக் காப்பகங்களை அடைகின்றன. காட்டிற்குத் திரும்பவோ அவை அறியா.

நம் மூதாட்டி இதனை நன்கறிவார். ஆகவே, ஐந்து கிளிகளுக்கும் தம் இறுதிமுறியில் இடம் ஒதுக்கியிருக்கிறார். அண்ணன் மகள் ஒருத்தி ஏற்றுக்கொள்ள இசைந்திருக்கிறாள். இசைவு மட்டும் போதாதென்று, ஒவ்வொரு ஞாயிறும் அவளை வரவழைத்துத் தாம் சற்றே விலகி அமர்கிறார். நான்கு கிளிகள் அவள் கையிலிருந்து உண்ணத் தொடங்கிவிட்டன. மூத்தது இன்னும் தலையைத் திருப்பிக்கொள்கிறது.

மேசையின் மீது ஒரு குறிப்பேடு இருக்கிறது. எந்தக் கிளிக்கு எந்த மருந்து, எத்தனை துளி. எவ்விரண்டை ஒரே கோலில் அமர்த்தலாகாது. எதற்குக் கழுத்தைச் சொறிந்தால் கோபம் தணியும் என்பவையெல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. மாலையில், காட்டுக் கூட்டம் மரங்களை நோக்கித் திரும்பும்பொழுது வீடு மீண்டும் ஒருமுறை கூச்சலிட்டு ஓய்கிறது. மூதாட்டி கூண்டுகளைத் துணியால் மூடுகிறார். இருளில் திடுக்கிட்டுச் சிறகை முறித்துக்கொள்ளாதிருக்க, சிறு விளக்கொன்றை எரியவிடுகிறார். பின்னர்க் குறிப்பேட்டைத் திறந்து, மூத்த கிளியின் பக்கத்தில் மேலும் ஒரு வரி எழுதுகிறார்: “ஞாயிறு. இன்று கையருகே வந்தது. உண்ணவில்லை.”