ரெட்டைக் கொம்பு

பி.காம். படித்தவனைக் கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் விடக் கூடாது. ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வைஃபை அடாப்டரில் இரண்டு ஆன்டெனா, மாட்டுக் கொம்பு மாதிரி. பிடிப்பது ஒரே சிக்னல், எதற்கு இரண்டு? ஸ்டெப்னியாக இருக்கும் என்று ஒன்றைத் திருகிக் கழற்றி, மேஜை டிராயரில் பத்திரப்படுத்தினேன். சிக்கனம் சார்!

மறுவாரம் மகளுக்கு வீடியோவில் வேலை இன்டர்வியூ. மூன்றாவது கேள்வியிலேயே படம் உறைந்துவிட்டது. "ஹலோ, கேக்குதா... கேக்குதா?" என்று உள்ளே அவள் பதற, வெளியே நான் இன்டர்நெட்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தில் அவள் சி.பி.யு.வை ஒரு ஜாண் நகர்த்தினாள். படம் ஓடியது!

ஒரு ஜாணில் என்ன மாயம்? பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரௌட்டரிலிருந்து கிளம்பும் அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவர், பீரோ, ஃபிரிட்ஜ் என்று மோதித் திரும்பியும் வருகிறது. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒரே இடத்தில் சந்தித்தால்... வரவும் செலவும் சரி, கையிருப்பு பூஜ்யம்! அந்த இடத்தில் ஆன்டெனாவுக்குக் காது கேட்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்தான். அதனால் நாலு விரல் தள்ளிப்போனாலே நன்றாகக் கேட்கலாம்.

இரண்டாவது கொம்பு இதற்குத்தான். ஒன்று பள்ளத்தில் மாட்டினாலும், அதே சமயம் மற்றதும் மாட்டும் வாய்ப்பு குறைவு. பழைய அடாப்டர்கள் இரண்டிலும் கேட்டுப் பார்த்து, தெளிவானதை எடுத்துக்கொள்ளும். 'டைவர்சிட்டி' என்று பெயர். அடுத்து வந்தவை இரண்டையும் சேர்த்தே கேட்கும்.

இன்னொரு படி மேலே போய், ஒவ்வொரு ஆன்டெனாவிலும் வெவ்வேறு தகவலை ஒரே அலைவரிசையில் அனுப்புவது 'மைமோ'. வில்லன் என்று நினைத்தோமே, மோதித் திரும்பும் அலை, அதுதான் இங்கே துணை! தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-ல் இதற்குப் பேட்டன்ட் கேட்டவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பொள்ளாச்சியில் பிறந்து, கடற்படையில் வேலை பார்த்து, ஸ்டான்ஃபோர்ட் போனவர். 2014-ல் மார்கோனி பரிசு வாங்கினார்.

அன்று இரவே கொம்பைத் திரும்ப மாட்டினேன். மகளிடம் உண்மையையும் சொல்லிவிட்டேன்.

"அதைக் கழட்டி வெச்சு என்னப்பா மிச்சம் பிடிச்சீங்க?" என்றாள்.

பதில் இல்லை. வேலை? 'சொல்லி அனுப்புகிறோம்' என்றிருக்கிறார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் அவளைவிட எனக்குத்தான் படபடக்கிறது.