கோடையும் மலையும்

வெயில் ஏற ஏற, மதுரைச் சீமையில் வசிக்கிறவர்களுக்கு மலை ஞாபகம் வந்துவிடுவது இயற்கை. எங்கள் திருவாதவூரில் இதற்குப் பழைய சாட்சி ஒன்றும் உண்டு. மலையையும் மலைவாழ்வையும் பாடுவதில் தலைசிறந்தவர் என்று பெயர் பெற்ற கபிலர் பிறந்த ஊர் இதுதான் என்பது பரம்பரையாக வரும் செய்தி. குறிஞ்சிப் பாட்டில் 99 மலர்களை வரிசையாகச் சொன்னவர், கண்மாயும் வயலுமாகக் கிடக்கும் ஊரில் பிறந்தார் என்றால், அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? சமவெளியில் வெயில் காய்ந்தவனுக்குத்தானே மலையின் அருமை தெரியும்!

ஆனால் அருமை தெரிந்தவர்களுக்கெல்லாம் மலையின் குணமும் தெரியும் என்று சொல்வதற்கில்லை. "மலை என்றால் குளிர்ச்சி, குளிர்ச்சி என்றால் சுகம்" என்று நம்மில் பலர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். கோடை விடுமுறை வந்ததும் கொடைக்கானல் பஸ் நிரம்பி வழிவது இந்தக் கணக்கினால்தான். பஸ்ஸில் போய் ஏரியைச் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. காட்டு வழியே காலால் ஏறி இறங்கும் இளைஞர்களுக்கோ, இதே கணக்கு உயிருக்கு உலை வைத்துவிடும்.

மலைநடையில் உற்சாகம் இப்போது நம் வாலிபர்களிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. என்னிடம் படித்துவிட்டு மதுரையிலும் கோயமுத்தூரிலும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் லீவுக்கு ஊர் வந்தால், அடுத்து எந்தச் சிகரம் என்பதே பேச்சு. அவர்களைப் பெற்றவர்கள் என்னிடம் வந்து, "வாத்தியார் ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான். போக வேண்டாமென்று சொல்லுங்கள்" என்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கவலை இன்னும் ஒரு படி அதிகம். இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்குக் குரங்கணி என்று பெயர்.

தேனி ஜில்லாவில், போடிநாயக்கனூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் குரங்கணி. அதற்கு மேலே ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கிறது கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். 2018-ஆம் வருஷம் மார்ச் மாதம், சென்னையிலிருந்து ஒரு கோஷ்டியும், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு கோஷ்டியுமாக முப்பதுக்கு மேற்பட்டவர்கள் அங்கே ஏறினார்கள். அவர்களில் பலர் பெண்கள். புதிதாக மணமானவர்களும் இருந்தார்கள். இரவு மேலே தங்கிவிட்டு, மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை இறங்கிக்கொண்டிருந்தபோது, பிற்பகலில் காட்டுத் தீ அவர்களை வளைத்துக்கொண்டது. 9 பேர் மலையிலேயே மாண்டார்கள். மற்றவர்களை மீட்க உள்ளூர் ஜனங்கள் ஓடினார்கள்; விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. தீக்காயம் பட்டவர்களில் பலர் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஒருவர் பின் ஒருவராகப் பிரிந்து, மாண்டவர்களின் தொகை 20-ஐத் தாண்டிவிட்டது.

இவர்கள் யாரும் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டித் தொங்கினவர்கள் அல்ல. பனிச் சிகரத்தோடு மல்லுக்கு நின்றவர்களும் அல்ல. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே, அவர்களுடைய துணிச்சலைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மலை அந்த மாதத்தில் எப்படி இருந்தது என்று கேட்பதே பொருத்தம்.

வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடுகிறது. மழையில் ஆளுயரம் வளர்ந்த புல், தை மாதத்துக் காற்றிலும் மாசி வெயிலிலும் நின்றபடியே காய்கிறது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பொன்னிறமாய் மின்னும். படம் பிடிக்க வெகு அழகு! உண்மையில் அது மலையளவு வைக்கோற்போர். பொறி எங்கிருந்து விழுந்தாலும் போதும்.

தீயைப் பற்றி நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த வரப்பில் நெருப்பு வைத்தால், காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அது ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் சரிவில் நெருப்புக்கு இன்னொரு புத்தி உண்டு. கீழே எரியும் சுவாலை, மேலே நிற்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே அதைச் சூடாக்கி உலர்த்திவிடுகிறது. ஆகையால் தீ மேட்டை நோக்கிப் பாய்கிறது. சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத் தீயை ஆராய்ந்தவர்கள் சொல்லும் கணக்கு. மனிதனோ மேட்டில் ஏற ஏற வேகம் குறைகிறான். இந்த ஓட்டப் பந்தயத்தில் யார் ஜயிப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

பயிற்சி பெற்றவர்களே இந்தப் பந்தயத்தில் தோற்றிருக்கிறார்கள். 1949 ஆகஸ்டு 5 அன்று, அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்து மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், பாரசூட்டில் குதித்துத் தீயணைக்கும் வீரர்களைப் புல்தீ துரத்தியது. சரிவில் மேல் நோக்கி ஓடினார்கள். 13 பேர் மாண்டார்கள். அவர்களுடைய தலைவர் வாக்னர் டாட்ஜ் மட்டும் ஓடாமல் நின்று, தம் எதிரே இருந்த புல்லில் தாமே நெருப்பு வைத்தார். அது எரிந்து கரியான இடத்தில் குப்புறப் படுத்தார். பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இந்த வித்தையை நாமும் செய்யலாம் என்று யாரும் எண்ணக் கூடாது. எரிந்த தரையை நெருப்பு மறுபடி தொடாது என்ற ஒரு விஷயம் அந்த நிமிஷத்தில் ஒருவருக்குத் தோன்றியது. அதுவே ஓர் உயிரைக் காத்தது.

கோடையில் மலை மனிதனை ஏமாற்றுவது தீயினால் மட்டுமன்று. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று பெய்த மழையால் ஓடைகள் பெருகி, யாத்திரை போன பக்தர்கள் சிலரை அடித்துக்கொண்டு போயின. வெள்ளியங்கிரியில் 2024-ஆம் வருஷப் பருவத்தில், ஏழு மலை ஏறிய பக்தர்களில் சிலர் மாரடைப்பாலும் மூச்சுத் திணறலாலும் மாண்டார்கள். இத்தாலியில் மர்மோலாதா மலையில், 2022 ஜூலை 3 அன்று, வேனிலின் வெப்பத்தில் பனிப்பாளம் உடைந்து சரிந்து 11 பேரைக் கொன்றது. தேசம் எதுவானாலும், குளிர்ச்சியைத் தேடிப் போகும் காலத்திலேயே மலை தன் மறு முகத்தைக் காட்டுகிறது.

குரங்கணிக்குப் பிறகு சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2018-லேயே மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தார்கள். 2024 அக்டோபரில் வனத்துறை 40 நடைவழிகளைத் திறந்துவிட்டு, மலையோர ஊர்களைச் சேர்ந்தவர்களையே பழக்கி வழிகாட்டிகளாக நியமித்தது. 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, தீக்காலம் என்று நடையை நிறுத்தியும் வைத்தது. "பணம் கட்டினோம், லீவு போட்டோம், இப்போது போய்த் தடை என்கிறார்களே!" என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். அந்தத் தடைக்குக் கொடுத்த விலை என்னவென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

ஆகவே, போக வேண்டாமென்று சொல்லும்படி கேட்கும் பெற்றோருக்கு நான் இணங்குவதில்லை. மலையையே பார்க்காமல் வளரும் பிள்ளைகளால் தேசத்துக்கு என்ன லாபம்? 1984-இல் பச்சேந்திரி பால் என்ற பெண்மணி எவரெஸ்டின் உச்சியில் நம் கொடியோடு நின்றார். அவர் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பள்ளியில் முறையாகக் கற்றுக்கொண்டு போனவர். தடுப்பதைவிடக் கற்றுக்கொடுப்பது சிரமம். ஆனால் தடுக்கப்பட்ட பிள்ளை சொல்லாமல் போவான். சொல்லாமல் போனவனை எந்தச் சரிவில் போய்த் தேடுவது?

பிள்ளைகளிடம் நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். இது எந்த மாதம், அந்த மலையில் இப்போது புல் பச்சையா, சருகா? உங்களை அழைத்துப்போகிறவர் அந்த மலையடிவாரத்தில் வாழ்கிறவரா? பாதி வழியில் புகை கண்டால், மழை இருட்டினால், ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், "திரும்பு" என்று சொல்லும் அதிகாரம் உங்களில் யாருக்கு? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கோஷ்டியைத் தடுக்க எனக்கு மனம் வராது.

கொழுக்குமலையில் சூரியோதயம் மார்கழியிலும் உண்டு, தையிலும் உண்டு. இந்தப் பங்குனியில் போகாவிட்டால் மலை எங்கும் ஓடிவிடாது. அடுத்த வருஷமும் அது அங்கேயேதான் நிற்கும். அதைப் பார்க்க நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.