எல்லோர் முன்னாலும் ஒரு மன்னிப்பு



போன வாரம் பழைய மாணவி ஒருத்திக்குப் போன் செய்தேன். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறாள். நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவை விட்டு அவள் சொல்லாமல் வெளியேறி மூன்று மாதம் ஆகிறது. காரணம் கேட்கத்தான் கூப்பிட்டேன்.

"இப்பதான் சார் ட்ரெய்னிங் முடிஞ்சு வரேன். ஆன்லைன்ல கேலி, மிரட்டல், அவதூறு பத்தி. ஸ்டாஃப் எல்லாரும் கட்டாயம் போகணும்" என்றாள்.

சிரித்தேன். என் காலத்தில் எத்தனை கட்டாயப் பயிற்சி! கையெழுத்துப் போடுவோம், டீயும் வடையும் சாப்பிடுவோம், கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவோம்.

"இது அப்படி இல்ல சார்" என்று வரிசையாகச் சொன்னாள். வந்த செய்தியை ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. தேதி, நேரம், எண் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் கொடுக்கலாம். பெண் ஊழியருக்கு அலுவலகத்தில் பாலியல் தொல்லை என்றால், அது செய்தியாக வந்தாலும், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

பிறகு தயங்கினாள். "ஆன்லைன்ல உங்களை யாராவது அவமானப்படுத்தியிருக்காங்களான்னு பேர் போடாம எழுதச் சொன்னாங்க. நான் நம்ம குரூப்பைத்தான் எழுதினேன் சார்."

உங்களுக்கும் நினைவிருக்கும். ஆண்டுவிழாப் படம் ஒன்றைப் போட்டு, அவளுடைய பழைய பட்டப்பெயரைச் சொல்லி இரண்டு நாள் ஓட்டினீர்கள். நான் தடுக்கவில்லை. சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டேன்.

"நீங்களும் சிரிச்சதைப் பார்த்தப்புறம் அங்க இருக்க முடியல சார்."

வகுப்பில் பட்டப்பெயர் சொன்னவனை எழுப்பி நிற்க வைத்தவன் நான். கையில் போன் வந்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கேலி சாயங்கால மணியோடு முடியும். போனில் வரும் கேலி வீட்டுக்கும், அடுக்களைக்கும், படுக்கைக்கும் கூடவே வருகிறது.

போனிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் எல்லோரும் பார்க்கச் சிரித்தவன், எல்லோரும் பார்க்கத்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். அவள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். மன்னித்துவிடு அம்மா.

மற்றவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். அந்தப் படத்தை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். குழுவுக்குத் திரும்பி வரச் சொல்லி அவளை யாரும் வற்புறுத்தாதீர்கள்.

உங்களில் பலர் அரசுப் பணியில் இருக்கிறீர்கள். இப்படி ஒரு பயிற்சிக்கு அழைத்தால், உங்கள் சாரைப் போலக் கடைசி வரிசையைத் தேடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சார்