தெருமட்டம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை விரிப்பார்கள். ஒரு சேலைக்கு ஆறு கஜம். மூன்று சேலைக்கான பாவை நீட்டிக் கட்ட எந்த வீட்டுக்குள்ளும் இடம் போதாது. தெரு நேராகவும் அகலமாகவும் இருந்தால்தான் நெசவு நடக்கும். வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டிவிட்டால் அதே தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போவார்கள், காய்கறி வண்டி வரும். நம் முன்னோர் காலியாக விட்ட இடம் எதுவும் வீண் இடமல்ல.

1915 வாக்கில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்த ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், காஞ்சிபுரத்தின் அமைப்பை வியந்து எழுதினார். கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்த்துக்கொண்டிருந்த காலம் அது. மழைவெள்ளத்தை வாங்கிக்கொள்வதும் ஊரைக் குளிர்விப்பதும் குளங்கள்தான் என்று வாதாடியவர் அவர்.

ஓர் ஊர் ஒழுங்காக இயங்குகிறதா என்று அறிய வேண்டுமா? அதன் வாசற்படிகளைப் பாருங்கள் என்றுதான் இளைஞர்களுக்குச் சொல்வேன். முன்பு மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளில் இப்போது படி இறங்கி நுழைகிறோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. தெருவின் மழைநீர் வீட்டுக்குள் இறங்குகிறது. மற்ற ஊரில் அது கூடம் நனைவதோடு போகும். இங்கே வீட்டுக்குள் இருப்பது குழித்தறி. நெசவாளி கால் வைத்து மிதிக்கும் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அந்த வீட்டின் வருமானம் அன்றே நின்றுபோகிறது. ஈரக்காற்றில் பட்டும் சரிகையும் படும் பாடு வேறு. வசதியுள்ளவர் தரையை உயர்த்திக் கட்டிக்கொள்கிறார்; அவர் வீட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. ஊரின் குறையை ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் தீர்க்கப் போனால் எளியவர் தலையில்தான் அது விடியும்.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அது தெருவில் நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் தெருக்காரர்கள்.

மஞ்சள்நீர்க் கால்வாயையும் சொல்ல வேண்டும். நகரின் மழைநீரை நத்தப்பேட்டை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டிய கால்வாய் அது. அதில் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்தன. பட்டால் பிழைக்கும் நமக்கும் அதில் பங்குண்டு. சாயத்தண்ணீருக்கு வழி கேட்காமல் சேலைக்கு விலை மட்டும் பேசினோம். கால்வாய் அடைத்தால் மழைநீர் தெருவுக்கு வரும், தெரு உயர்ந்திருந்தால் வீட்டுக்கு வரும். ரோடு, வாய்க்கால், ஏரி என்று தனித்தனியாக ஒப்பந்தம் விடலாம்; தண்ணீருக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

காஞ்சிபுரம் இப்போது மாநகராட்சி. பணமும் பொறியாளர்களும் முன்பைவிடக் கூடுதலாக வரட்டும். ரோடு போட ஜல்லி வந்து இறங்கும் நாளில், வீட்டுக்கு ஒருவர் வெளியே வந்து நில்லுங்கள். எவ்வளவு ஆழம் சுரண்டுகிறார்கள் என்று கேளுங்கள். பொறியாளரை உள்ளே அழைத்துத் தறிக்குழியைக் காட்டுங்கள். வாசலுக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை அவர் முன்னாலேயே அளந்து, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.