அம்மா கொஞ்சம் வெளியே இருங்க

அஞ்சுநாட்டு அக்காமார்களுக்கு,

போன வாரம் ஊரிலிருந்து ஓர் அக்கா போனில் கூப்பிட்டார். காந்தலூரா, கீழாந்தூரா, காரையூரா என்று துருவாதீர்கள், சொல்லமாட்டேன். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போகிறது, அடிவயிற்றில் வலி வேறு. விடிகாலை பஸ்ஸில் மறையூர் போய், சின்னாறு காட்டைத் தாண்டி, உடுமலையில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டியிருக்கிறார். வலியைப் பற்றி விசாரித்து முடித்த டாக்டர், “அம்மா கொஞ்சம் வெளியே இருங்க” என்றாராம். அக்காவுக்குக் கோபம் ஆறவேயில்லை. “பெத்தவளை வெளியே அனுப்பிட்டு அந்தப் புள்ளைகிட்ட என்ன கேட்டாங்களோ? நம்ம வீட்டுப் புள்ளையை அப்படி நினைக்கலாமா?”

அந்த டாக்டர் பெயரைக் கொடுங்கள், தெரிந்த பெண்களுக்கெல்லாம் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

நம் பக்கம் வழக்கமாக நடப்பது வேறு. அம்மா தோளை உரசிக்கொண்டு நிற்க, வரிசையில் இருப்பவர்கள் காதில் விழும்படி, “கல்யாணம் ஆச்சா?” என்று ஒரு கேள்வி. இல்லை என்றால் சீட்டில் எழுதி அந்தப் பேச்சை முடித்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது தாலியைப் பற்றி அல்ல, உடலுறவு உண்டா என்பது. அதைக் கேட்க வாய் கூசுகிறது. கூச்சம் கேட்கிறவருக்கு, அவஸ்தை வலியோடு வந்தவளுக்கு.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? கரு சில சமயம் கருப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிடும். குழாய் வெடித்தால் உள்ளுக்குள் ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்து. ஒரு சிறுநீர்ச் சோதனை போதும், சந்தேகம் வந்துவிடும். கல்யாணமாகாத பொண்ணுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டால், குடல்வால் வலியோ வாயுவோ என்று நேரம் போகும். நம் மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கவே எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா?

‘ஆச்சு’ என்று சொன்னவள் நிலைமையும் பெரிதாக மேல் இல்லை. புருஷன் இரண்டு வருடமாக வளைகுடாவில் இருந்தாலும் சரி, தொட்டாலே வலிக்கிறது என்று சொல்ல வந்திருந்தாலும் சரி, அடுத்த கேள்வி “எத்தனை குழந்தை?” என்பதுதான். விதவையிடம் எதுவுமே கேட்பதில்லை.

முதுவான் பழங்குடியினரின் குடிகளில் மாதவிடாய் நாட்களில் பெண்கள் தனிக் குடிலில் ஒதுங்கியிருக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதைத் தவிர்க்க மாலா-டி கருத்தடை மாத்திரையை இடைவிடாமல் விழுங்குகிறார்கள் என்று அவர்கள் வாழும் இடமலக்குடியைப் பற்றிச் செய்திகள் வந்திருக்கின்றன. அந்த அட்டையில் 28 மாத்திரை. 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில்தான் ரத்தம் படும். ஏழையும் விட்டுவிட்டு அடுத்த அட்டையைப் பிரித்தால் படாது. இது கருத்தடைக்காகச் சாப்பிடுவதே இல்லை. “கல்யாணமாகலை” என்று எழுதி மூடிய டாக்டருக்கு, இந்த மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்கத் தோன்றுமா?

பெண்ணின் உடலைப் பார்த்து அவள் ஒழுக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நினைப்பு டாக்டர்களோடு நிற்பதில்லை. கன்னியாஸ்திரி சிஸ்டர் அபயா 1992-இல் கோட்டயத்தில் கொல்லப்பட்ட வழக்கில், 2008-இல் கைதான சிஸ்டர் செஃபிக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள். கொலையை விசாரிக்க அது எதற்கு? அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்கு அது விரோதம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல 2023 பிப்ரவரி ஆகிவிட்டது. அந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே சொல்லியிருந்தது.

லண்டனில், வெள்ளைக்காரன் ஊரில் உட்கார்ந்துகொண்டு பெருமை பேசுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். 1979 ஜனவரியில், நிச்சயித்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள இங்கே ஹீத்ரூ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியைக்கு, குடியேற்ற அதிகாரிகள் இதே சோதனையைத்தான் செய்யச் சொன்னார்கள். கல்யாணமாகாத இந்தியப் பெண் என்றால் கன்னியாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களில் இப்படிச் சோதிக்கப்பட்ட பெண்கள் பல பத்துப் பேர் என்பது பின்னாளில் கோப்புகளிலிருந்து வெளிவந்தது.

இன்று இங்கே டாக்டர்கள் சர்க்கரை உண்டா என்று கேட்கும் அதே குரலில், உறவு உண்டா, ஆணோடா பெண்ணோடா என்று கேட்கிறார்கள். முதல் தடவை எனக்குக் காது சூடேறிவிட்டது. 25 வயதானால் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு தேடி வரும். கல்யாணம் ஆனதா என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

நம் நாட்டுச் சட்டமும் பின்தங்கிவிடவில்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் கல்யாணமானவள், ஆகாதவள் என்று பிரிக்கக் கூடாது என்றது. வழக்குப் போட்டவர் 25 வயதுப் பெண். பதினெட்டு நிறைந்தவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். அப்பா, புருஷன் கையெழுத்து வேண்டும் என்று கேட்பது சில ஆஸ்பத்திரிகள் தாமாகப் போட்டுக்கொண்ட விதி.

உள்ளே சொன்னது வெளியே வந்துவிடுமோ என்று பயப்படும் பெண்களுக்கும் ஒன்று. நோயாளி சொன்ன ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகளில் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அந்தச் சீட்டு அம்மாவின் கைப்பைக்கும், அங்கிருந்து மருந்துக்கடைக்காரர் கைக்கும், கடைசியில் டிவி மேலும் போய்ச் சேர்கிறது. அதற்கு விதிமுறை யாரும் எழுதவில்லை. சீட்டை அவளிடமே கொடுத்துவிடுங்கள் அக்கா. மருந்தையும் அவளே வாங்கிக்கொள்வாள்.

லண்டனிலிருந்து,
உங்கள் தங்கை